மூளையின் மடிப்புகளும் தலையில் படும் அடியும்

மனித மூளையின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. இவ்வுண்மையை, நமக்குக் கிடைத்துள்ள ஏடுகளுள் முதன்முதல் எழுதிவைத்தவர் தத்துவ ஞானி அல்லர். தலையுடைந்து கிடந்த ஒருவனுக்கு மருத்துவம் பார்த்த எகிப்து நாட்டு மருத்துவர். கி.மு. 1600-ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்ட அந்தப் பழஞ்சுவடியை, எட்வின் சுமித் என்னும் அமெரிக்கர் 1862-ஆம் ஆண்டில் லக்சர் நகரில் விலைகொடுத்து வாங்கினார். அதனால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. 48 நோயாளரின் நிலையை அச்சுவடி வரிசையாக விளக்குகிறது. ஆறாவது நோயாளனின் மண்டையோடு பிளந்து மூளை வெளியே தெரிகிறது. உருக்கிய செம்பின்மேல் படரும் சுருக்கங்களைப் போன்று அது காணப்படுகிறது என்று அம்மருத்துவர் உவமை கூறுகிறார்.

ஆகவே மூளையின் மடிப்பைப் பற்றிய அறிவும், தலைக்காயத்தைப் பற்றிய அறிவும் ஒரே படுக்கையருகில் பிறந்தவை எனலாம். இன்று அவ்விரண்டும் மீண்டும் ஒன்றுசேர்ந்துள்ளன. மண்டை உடையாமல், குருதி கசியாமல், சிறிது நேரத் தலைசுற்றலோடு போய்விடும் இலேசான அடிகூட மூளையின் மடிப்புகளில் ஏதேனும் மாற்றத்தை விளைவிக்குமா என்னும் வினாவை அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர்.

இது மருத்துவர்க்கு உரிய செய்தியன்றோ, ஆசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை உண்டு. ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்தவன், பந்தாட்டத்தில் தலையோடு தலை மோதியவன், தந்தையின் மோட்டார் சைக்கிளிலிருந்து சறுக்கி விழுந்தவன் ஆகிய பிள்ளைகள் மருத்துவரிடம் இருப்பது ஒரு மணி நேரம். நம்மிடம் இருப்பதோ ஆண்டு முழுவதும். அடியின் விளைவு வெளிப்படும் இடம் பெரும்பாலும் வகுப்பறையே. ஆதலின் இதனை ஓரளவு விரிவாகக் காண்போம்.

மடிப்பு எதற்கு?

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடையுள்ளது. அதன் பெரும்பகுதியாகிய பெருமூளையின் மேலே சாம்பல் நிறமான ஓர் உறை படர்ந்திருக்கிறது. இதனைப் பெருமூளைப் புறணி என்பர். இதன் கனம் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவே. இம்மெல்லிய ஏட்டை மடிப்பு நீக்கி விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர் பரப்பாகும். அகன்ற நாளிதழ் ஒன்றின் ஒரு பக்கத்தை மனத்தில் எண்ணிக்கொண்டால் இவ்வளவு விளங்கும். அத்துணைப் பெரிய தாளைக் கிழிக்காமல் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடக்க வேண்டுமானால் கசக்கி மடித்துத்தானே திணிக்க முடியும்? இயற்கையும் அதையே செய்திருக்கிறது. மடிப்பின் மேலெழுந்த பகுதியை மேடு என்றும், உள்வாங்கிய பகுதியைப் பள்ளம் என்றும் இங்கே குறிப்போம். புறணியின் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள்ளேதான் மறைந்து கிடக்கிறது. மண்டையைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படுவது எஞ்சிய ஒரு பங்கே.

புறணியில் மட்டும் ஏறத்தாழ 1,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று 2009-இல் வெளிவந்த கணக்கொன்று கூறுகிறது. பேசுதல், எழுதுதல், நினைவில் வைத்தல், கணக்கிடுதல், தன்னை அடக்கிக்கொள்ளுதல் ஆகிய அனைத்துக்கும் இந்த ஏடு இன்றியமையாதது. இதன் அடியில் இருப்பது வெள்ளைப் பொருள். அது நரம்பணுக்களினின்று புறப்படும் நுண்ணிய இழைகளின் கட்டு. ஓரிடத்துச் செய்தியை வேறோரிடத்துக்குக் கொண்டு செல்லும் தந்திக் கம்பிகள் அவை என்று கொள்க.

மடிப்பு மிகுந்தால் அறிவு மிகும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த எரசிசுதிராத்தசு என்னும் கிரேக்க மருத்துவர் அவ்வாறு கருதினார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த கேலன், கழுதையின் மூளையிலும் மடிப்பு நிறைய இருக்கிறதே என்று மறுத்துவிட்டார். கேலன் கூற்றில் உண்மை உண்டு. யானையின் மூளையும் திமிங்கிலத்தின் மூளையும் மிகுந்த மடிப்புடையவை. மடிப்பு என்பது பெரிய மூளை சிறிய கூட்டுக்குள் அடங்கும் வழி. அஃது அறிவின் அளவுகோல் அன்று.

எனினும் மடிப்பை அளக்க முடியும். மூளையைக் குறுக்கே வெட்டிய தோற்றத்தில், பள்ளங்களுக்குள்ளெல்லாம் இறங்கி ஏறி வரும் கோட்டின் நீளத்தை, மேலோட்டமாகச் சுற்றிவரும் கோட்டின் நீளத்தால் வகுத்தால் மடிப்பு விகிதம் கிடைக்கும். கார்ல் சில்லெசு என்னும் செருமானிய அறிஞரும் அவர் குழுவினரும் 1988-இல் இம்முறையை விளக்கினர். மனிதனுக்கு இவ்விகிதம் சராசரியாக இரண்டரை. இன்று உயிருடன் இருப்பவரின் மூளையைக் காந்தவியல் படக்கருவியாகிய எம்.ஆர்.ஐ. கொண்டு படம்பிடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே இவ்விகிதத்தைக் கணினியால் கண்டறிகின்றனர்.

மடிப்பு விழுவது எப்படி?

கருவில் வளரும் சிசுவின் மூளை முதலில் உளுந்து போல வழுவழுப்பாகவே இருக்கிறது. ஐந்தாம் மாதத்தை ஒட்டி முதன்மையான பள்ளங்கள் தோன்றத் தொடங்குகின்றன. பிறக்கும் வேளையில் பெரிய மடிப்புகள் யாவும் அமைந்துவிடுகின்றன. இம்மாற்றத்துக்குக் காரணம் யாது என்பதை அறிவதில் நம்மவர் பங்கு சிறப்பானது.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் இலட்சுமிநாராயணன் மகாதேவன். துணியின் மடிப்பு, இலையின் சுருள், பூவின் விரிவு ஆகியவற்றில் கணிதத்தைக் கண்டவர் இவர். பின்லாந்து நாட்டுத் தாலினென் முதலானோருடன் சேர்ந்து 2016-இல் இவர் வெளியிட்ட ஆய்வு வியப்புக்குரியது. இருபத்திரண்டு வாரச் சிசுவின் மூளைப் படத்தை அடிப்படையாகக் கொண்டு, மென்மையான கூழ்ப்பொருளால் வழுவழுப்பான மூளை உருவம் ஒன்றைச் செய்தனர். அதன்மேல் நீர்மத்தை உறிஞ்சி உப்பக்கூடிய மெல்லிய படலம் ஒன்றைப் பூசினர். பின் அவ்வுருவத்தை நீர்மத்தில் அமிழ்த்தினர். வெளிப்படலம் உப்பியது, உட்பகுதி அதற்கு ஈடாக உப்பவில்லை. சில நிமிடங்களில் மனித மூளையை ஒத்த மேடும் பள்ளமும் தாமே தோன்றின! அட்டையில் ஒட்டிய தாள் நனைந்தால், தாள் மட்டும் விரிந்து அலையலையாக எழுவதை மாணவர் ஏடுகளில் நாம் கண்டிருக்கிறோம். ஏறத்தாழ அதே முறைதான் இதுவும். வெளியேடு வேகமாக வளர்கிறது. உள்ளே இருப்பது அவ்வேகத்தில் வளரவில்லை. மிகுந்த பரப்பு மடிந்து உள்ளே செல்கிறது.

அதே சென்னைக் கழகத்தில் அமைந்த சுதா கோபாலகிருட்டிணன் மூளை ஆய்வு மையம், 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் பெயரால் சிசு மூளையின் படத்தொகுப்பொன்றை வெளியிட்டது. கருவுற்ற 14-ஆம் வாரத்துக்கும் 24-ஆம் வாரத்துக்கும் இடைப்பட்ட மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களை அணு அணுவாகக் காணும் தெளிவுடன் உலகத்தார் அனைவரும் பார்க்குமாறு அம்மையம் வைத்துள்ளது. வழுவழுப்பான மூளை மடியத் தொடங்கும் காலமே அது என்பதை நோக்குக.

இவற்றிலிருந்து நமக்கு வேண்டிய உண்மை ஒன்று கிடைக்கிறது. பெரிய மடிப்புகள் தாய் வயிற்றிலேயே அமைந்தவை. பத்து வயதில் தலையில் பட்ட ஓர் அடி அவற்றை நிமிர்த்திவிடவோ அழித்துவிடவோ முடியாது. ஆனால் அம்மடிப்பின் உருவமே, அடியின் வலி மூளையின் எவ்விடத்தில் குவியும் என்பதை முடிவு செய்கிறது.

அடி எங்கே குவிகிறது?

மண்டை ஒரு பெட்டி. மூளை அதற்குள் இருக்கும் மென்பொருள். இரண்டுக்கும் இடையில் தண்டுவட நீர் சூழ்ந்திருக்கிறது. தலை எங்கேனும் மோதி நின்றவுடன் மண்டை நின்றுவிடுகிறது, மூளை நிற்பதில்லை. அது முன்னும் பின்னும் அசைகிறது. அதைவிட முக்கியமாக, முறுகித் திரும்புகிறது.

இம்முறுக்கத்தின் முதன்மையை முதலில் வற்புறுத்தியவர்களுள் ஒருவர், ஆக்சுபோர்டில் பணியாற்றிய இயற்பியலார் ஓல்போர்ன். மூளையை எளிதில் அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆனால் அதன் ஒரு பகுதியை மற்றொரு பகுதியின் மீது சறுக்கிச் சிதைப்பது எளிது என்று அவர் 1943-இல் எழுதினார். செலட்டின் கூழால் மூளை போன்ற உருவம் செய்து, அதனைச் சுழற்றி, சிதைவு எங்கே மிகுகிறது என்றும் காட்டினார். நம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் அகர்-அகர் தட்டை மெல்ல நகர்த்தினால் அது குலுங்குவதோடு போகும். தட்டைச் சட்டென்று திருப்பி நிறுத்தினாலோ உள்ளே விரிசல் காணும். ஓல்போர்ன் சொன்னது இதுவே.

இனி மடிப்புக்கு வருவோம். துணிக்கடைக்காரர் துணியைக் கிழிக்கும் முறையைக் கவனித்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டு ஒன்று வைப்பார். பின் இரு கைகளாலும் இழுப்பார். கிழிசல் அவ்வெட்டின் அடிமுனையிலிருந்தே புறப்படும். இழுப்பு துணி முழுவதும் பரவியிருந்தாலும், வெட்டின் முனையில் அது குவிந்துவிடுகிறது. மூளையின் பள்ளமும் அத்தகையதே. தலை முறுகும்போது பள்ளத்தின் இரு சுவர்களும் வெவ்வேறாக அசைகின்றன; இழுப்பு பள்ளத்தின் அடித்தளத்தில் குவிகிறது.

இது வெறும் உவமையன்று. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கஜாரி, எல்லியர், சார்ப்பு ஆகியோர் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மேடு பள்ளங்களோடு கூடிய மூளை உருவத்தைக் கணினியில் அமைத்து, விளையாட்டில் தலை மோதுதல், கீழே விழுதல், சாலை விபத்து ஆகிய மூவகை அடிகளை அதன்மேல் செலுத்திக் கணக்கிட்டனர். இழுப்பு மிகுந்த இடம் பள்ளங்களின் அடித்தளமே என்று விடை வந்தது. பலகாலம் தலையில் மீண்டும் மீண்டும் அடிவாங்கிய குத்துச்சண்டை வீரர், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆகியோரின் மூளையை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்த நோயியல் வல்லுநர், 'டௌ' என்னும் புரதம் திரிந்து படிந்திருப்பதைக் கண்டனர். அப்படிவு சிறு குருதிக் குழாய்களைச் சுற்றி, பள்ளங்களின் அடியிலேயே முதன்மையாகக் காணப்படுவதை அந்நோயின் அடையாளமாக 2016-இல் வெளியிட்ட கூட்டறிக்கையில் வரையறுத்தனர். கணினி காட்டிய இடமும் நோய் காட்டிய இடமும் ஒத்து நிற்கின்றன.

பெற்றோர் இதனைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. அந்நோய் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளோடு தொடர்புடையது. ஒருமுறை விழுந்த பிள்ளைக்கு அது வரும் என்று எவரும் கூறவில்லை. இங்கே நாம் கற்க வேண்டியது, அடி மீண்டும் மீண்டும் படக்கூடாது என்பதே.

'இலேசானது' என்பதன் பொருள்

மருத்துவர் 'இலேசான மூளைக்காயம்' என்னும்போது, பெற்றோர் 'ஒன்றுமில்லை' என்று பொருள் கொள்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. 1974-இல் கிளாசுகோ நகரத்து மருத்துவர் டீசுடேல், செனட் இருவரும் நினைவுநிலையை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு ஆகிய மூன்றுக்கும் எண் இட்டுக் கூட்டுவர். குறைந்தது 3, முழுமை 15. இவ்வளவு 13-க்குக் குறையாமலும், நினைவிழப்பு நேர்ந்திருந்தால் அது அரை மணிக்கு மேற்படாமலும், அடிபட்டதை ஒட்டிய மறதி ஒரு நாளைக்கு மேல் நீடிக்காமலும் இருந்தால் அக்காயம் இலேசானது எனப்படும். நினைவே தப்பாமலும் இத்தகைய காயம் நேரலாம். ஆகவே இச்சொல் அடிபட்ட அன்றைய நிலையைக் குறிக்கும் தரவரிசை. அடுத்த மாதம் பிள்ளை எப்படிப் படிப்பான் என்பதைக் கூறும் சோதிடம் அன்று.

மருத்துவமனையில் முதலில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் குருதிக் கசிவையும் காட்டும். உயிரைக் காக்க அது இன்றியமையாதது. ஆனால் இலேசான காயம் பட்டவர்களுள் பெரும்பாலோரின் படம் குறையற்றதாகவே இருக்கும். ஏனெனில் குறை நிகழ்ந்த இடம் அப்படத்தின் பார்வைக்கு எட்டாதது. இழுபட்ட நரம்பிழையின் சுவரில் உப்புகளின் போக்குவரத்து நிலைதடுமாறுகிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உட்புகுகிறது. அதனைச் சீர்செய்ய அணுவுக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. அந்நேரம் பார்த்துக் குருதியோட்டமோ குறைந்து நிற்கிறது. செலவு மிகுந்து வரவு குறைந்த குடும்பம் போல மூளை சில நாட்கள், சில சமயம் சில வாரங்கள், தட்டுப்பாட்டில் தவிக்கிறது. அவ்வேளையில் படிப்பு, பரீட்சை, ஓட்டம் ஆகிய சுமைகளை முழுமையாக ஏற்றினால் அது தள்ளாடுகிறது. மற்றோர் அடியும் பட்டாலோ பெருந்தீங்கு நேரலாம்.

கோலாலம்பூரில் கண்டது

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்னேசுவரன் வீரமுத்து, வைரவன் நாராயணன், நோர்லிசா ராம்லி முதலிய ஆய்வாளர்கள், வெளிநாட்டு அறிஞர் சிலருடன் சேர்ந்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலேசான மூளைக்காயம் பட்ட 61 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களின் சராசரி வயது 27. அடிபட்டுச் சராசரியாகப் பத்து மணி நேரத்துக்குள் சிறப்புவகை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தனர். நினைவாற்றல், கவனம் முதலியவற்றைச் சோதித்தனர். ஆறு மாதம் கழித்து மீண்டும் அவ்வாறே செய்தனர். காயம் படாத 19 பேரோடு ஒப்பிட்டும் நோக்கினர்.

இச்சிறப்புப் படம் நீரின் நுண்ணிய நகர்ச்சியை அளப்பது. நலமான நரம்பிழைக் கட்டில் நீர் இழையின் போக்கிலேயே நகரும். இழை சிதைந்திருந்தால் பக்கவாட்டிலும் பரவும். வரப்பு உறுதியாக இருந்தால் வாய்க்கால் நீர் நேரே ஓடுவதும், வரப்பு உடைந்தால் வயலில் பரவுவதும் போன்றது இது. ஆறு மாதம் சென்ற பின்னரும் வெள்ளைப் பொருளின் பல கட்டுகளில் வேறுபாடு காணப்பட்டது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தின் முன்பகுதியும் அவற்றுள் ஒன்று. படத்தில் கண்ட மாற்றத்துக்கும், சிந்தனைச் சோதனையில் கண்ட மாற்றத்துக்கும் தொடர்பும் புலப்பட்டது. இவர்கள் யாவரும் 'இலேசானது' என்று வகுக்கப்பட்டவர்கள் என்பதை மறவற்க.

மடிப்பின் நிலை என்ன?

இனித் தலைப்பு எழுப்பும் வினாவுக்கு விடை காண்போம். புறணியும் வெள்ளைப் பொருளும் தனித்தனி அல்ல. மேட்டின் உள்ளே நிரம்பியிருப்பது வெள்ளைப் பொருளே. அடியின் விளைவாக இழைகள் மெலிந்தால் மேட்டின் உட்புறம் சிறிது வற்றும். புறணியின் கனம் குறைந்தால் பள்ளத்தின் வாய் சற்று அகலும். மடிப்பின் அமைப்பு மாறாவிட்டாலும் அளவு மாறும். தலையணையின் பஞ்சு குறைந்தால் உறையின் சுருக்கம் மாறுவது போன்றது இது. காயம் பட்டோரின் கூட்டத்தையும் படாதோரின் கூட்டத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நெற்றி, பொட்டு முதலிய பகுதிகளின் மடிப்பு விகிதத்தில் நுண்ணிய வேறுபாடுகள் கூறப்பட்டுள்ளன. அவை ஒரே திசையில் நிற்கவில்லை. சிலவிடத்துக் குறைவும் சிலவிடத்து மிகுதியும் காணப்படுகின்றன. காயம் பட்ட வயது, கழிந்த காலம், அடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கேற்ப முடிவு வேறுபடுகிறது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பமும் உண்டு. குழந்தைப் பருவத்திலிருந்து வாலிபம் வரை புறணி இயல்பாகவே மெலிந்து, மடிப்பு விகிதமும் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. இது நோயன்று, மூளை பக்குவப்படும் முறை. ஆகவே வளரும் மூளையில் காயத்தால் வந்த மாற்றத்தையும் வளர்ச்சியால் வந்த மாற்றத்தையும் பிரித்தறிய, ஒரே வயதுடைய பல பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வளவுகள் யாவும் கூட்டத்தின் சராசரி பற்றியவை. ஒரு பிள்ளையின் படத்தை மட்டும் கையில் எடுத்து, 'மடிப்பு குறைந்திருக்கிறது. ஆகையால் இவனுக்குப் படிப்பு வராது' என்று சொல்ல அறிவியலில் இடமேயில்லை. அப்படி எவரேனும் சொன்னால் நம்பற்க.

ஆசிரியர் செய்யத்தக்கவை

தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே திடலுக்கு அனுப்பக் கூடாது. அவன் அழாமல் இருப்பதும், 'எனக்கு ஒன்றுமில்லை, ஐயா' என்பதும் சான்றாகா. அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்னும் அச்சத்தால் மறைப்பவரும் உண்டு. விடாத வாந்தி, வரவர மிகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத உறக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, இரு கண்மணிகளும் ஒவ்வாதிருத்தல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் 999-ஐ அழைக்க வேண்டும். ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. அடிபட்டவனைத் தூங்கவே விடக்கூடாது என்னும் நம்பிக்கை நம் தோட்டங்களில் பரவலாக உண்டு. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை உறங்குவதில் தீங்கில்லை. எழுப்ப முடியாத உறக்கமே தீங்கின் அடையாளம்.

2022-இல் ஆம்சுடர்டாமில் கூடிய வல்லுநர் மாநாட்டின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. முதல் ஓரிரு நாட்கள் அளவான ஓய்வு. வீட்டுக்குள் மெல்ல நடமாடலாம். கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வது நன்று. அதன்பின் படிப்படியாகப் படிப்பு. படிப்பு முழுமையாகத் திரும்பிய பின்னரே மோதல் உள்ள ஆட்டங்கள். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைக்கும் பழைய முறையை அவர்கள் ஏற்கவில்லை. பிள்ளைகளுள் பெரும்பாலோர் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுகின்றனர். தேறாதவர் மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும்.

அந்நான்கு வாரம் நம் கையில் இருக்கிறது. வாசிக்கும்போது வரி தாவுதல், கரும்பலகையிலிருந்து எழுதத் தாமதித்தல், ஒலிக்கும் ஒளிக்கும் கூசுதல், காரணமின்றிச் சினத்தல், பத்து மணிக்கே சோர்தல் ஆகியவை அடிபட்ட பிள்ளையிடம் காணத்தக்கவை. வேறு நாளில் இவற்றைக் கண்டால் சோம்பல் என்றும் அடங்காமை என்றும் கூறிவிடுவோம். ஆகவே காயம் பட்ட நாளை வகுப்புப் பதிவேட்டில் குறித்துவைப்பது முதற்கடமை. ஒரு மாதம் கழித்து அவனுக்குப் பாடம் நடத்தவரும் வேறோர் ஆசிரியருக்கும் அக்குறிப்பு உதவும். சன்னலிலிருந்து கண்கூசாத இடத்தில் உட்காரவைத்தல், பாடத்தைச் சிறு கூறுகளாக்குதல், இடையே ஓய்வு தருதல், சோதனையைச் சில நாள் ஒத்திவைத்தல் ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை, மனம் போதும்.

அடியே படாமல் காப்பது இவையனைத்தினும் நன்று. மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்குத் தலைக்கவசம் வேண்டும் என்று, நரம்பியல் அறுவை மருத்துவர் கெய்ர்ன்சு பிரிட்டனில் 1941-இலேயே எழுதினார். நம் நாட்டில் 1973 முதல் தலைக்கவச விதி நடப்பில் உள்ளது. உலக ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளானவர்களிடையே தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும், இறப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது. தலையின் முறுக்கத்தை அது முற்றும் தடுப்பதில்லை என்பது உண்மையே. எனினும் அணிந்த தலைக்கும் அணியாத தலைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் காலையில் தோட்டத்துச் செம்மண் பாதையினின்று பெருஞ்சாலைக்கு ஏறும் வண்டிகளைப் பார்க்கிறோம். தந்தை தலையில் கவசம் இருக்கும். பின்னால் புத்தகப்பையோடு அமர்ந்த பிள்ளையின் தலை வெறுந்தலையாக இருக்கும். 'பக்கத்தில்தானே பள்ளி' என்பது விடை. பாதையின் நீளம் குறைந்ததனால் தார்ச்சாலையின் கடினம் குறைவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல இதனினும் தகுந்த செய்தி வேறில்லை. பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் அளவுள்ள கவசமாக வாங்குமாறும், கழுத்துப் பட்டையை மாட்டுமாறும் சேர்த்துச் சொல்க.

தாய் வயிற்றில் அமைந்த மடிப்பை நாம் ஆக்கவும் இல்லை, திருத்தவும் முடியாது. ஆனால் அதற்குள் எழுத்தைக் கொண்டுசேர்க்கும் பணி நம்முடையது. அடிபட்ட பிள்ளை ஒருவன் நாளை வகுப்புக்குத் திரும்பி வருவான். நெற்றியில் கட்டு இராது. ஸ்கேன் படத்திலும் குறை இராது. அவன் தடுமாறும்போது, மதிப்பெண் அட்டையில் 'கவனக் குறைவு' என்று எழுதுமுன், பதிவேட்டைப் புரட்டி நாளை எண்ணிப் பார்ப்போமாக.